நிழலுக்கும் திசை உண்டு

கோடை வந்துவிட்டால் மாலைச் செய்தியில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். வேலூர், திருத்தணி, மீனம்பாக்கம் என்று ஊர் ஊராக வெப்பநிலையை வாசிப்பார்கள். 'திருத்தணியில் 42 டிகிரி' என்று கேட்டதும் வெயிலில் நிற்பவருக்கு 42 என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது நிழலின் வெப்பநிலை. வானிலை ஆய்வாளர்கள் வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை இவர்.

அந்தப் பெட்டியைச் சற்று உற்றுப் பார்க்கலாம். உள்ளும் புறமும் வெள்ளைப் பெயின்ட். நான்கு பக்கமும் சாய்த்து அடித்த பலகைகள்; வெயில் நுழையாது, காற்று நுழையும். மேலே இரண்டு அடுக்குக் கூரை, நடுவில் காற்றோட இடைவெளி. தரைச்சூடு ஏறாதபடி சுமார் நான்கடி உயரக் கால்கள். பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் என்ன நிழல் போடலாம் என்று சி.டி.எச். சாலைக் கடைகளில் விசாரிக்கிற திருநின்றவூர்க்காரருக்கு வேண்டிய பாடம் ஏறக்குறைய முழுதும் இதற்குள் இருக்கிறது. வெளிர் நிறம், காற்றோட்டம், இடைவெளி, உயரம். பெட்டிக்கு நான்கு பக்கமும் மறைப்பு உண்டு என்பதால் அது திசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் பால்கனிக்கோ திசைதான் முதல் கணக்கு.

நிழல் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நிழலுக்குள் ஒதுங்கினால் காற்றின் வெப்பம் பெரிதாகக் குறைந்துவிடாது. தெருவில் வீசும் அதே காற்றுதான் உள்ளேயும் வீசுகிறது. குறைவது கதிர்வீச்சு. மேகமில்லாத உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் வெயில் இறங்குகிறது. அதில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இதைத் தடுத்தவுடன் உடம்பு ஆசுவாசம் கொள்கிறது. ஆனால் தடுக்கப்பட்ட வெயில் மாயமாய்ப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி திரும்பி வானத்துக்குப் போகும். மிச்சம் தடுத்த பொருளுக்குள் சூடாக இறங்கும். அந்தச் சூட்டை எங்கே இறக்குகிறோம், அங்கிருந்து அதை யார் கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் நல்ல நிழலும் மோசமான நிழலும் பிரிகின்றன.

திருநின்றவூருக்கு இது கூடுதல் அக்கறைக்குரிய விஷயம். ஊர் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் மேற்கே உள்ளடங்கியிருக்கிறது. மெரினாவில் நண்பகலை ஒட்டி எட்டிப் பார்க்கும் கடற்காற்று ஆவடி, பட்டாபிராம் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் பிற்பகலில் பாதி போய்விடும். மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் அது வராமலே போவதும் உண்டு. 2021இல் நகராட்சியான இந்த ஊரில் வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிக் கொண்டிருக்கின்றன. மனை எந்தத் தெருவைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பால்கனி அமைகிறது. வாசலுக்கு வாஸ்து பார்க்கிற அளவுக்குப் பால்கனிக்குச் சூரியனை யாரும் பார்ப்பதில்லை.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு முறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறையும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு அந்தச் சில நிமிடங்கள் நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதம், உச்சியில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது. அக்னி நட்சத்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். 'வடக்குப் பக்கம் வெயிலே வராது' என்று சொல்லி விற்கப்படும் வீட்டில் ஜூன் மாதக் காலையிலும் மாலையிலும் வெயில் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

இனி கணக்கு. ஜன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேடு எல்லா வீட்டிலும் உண்டு. ஜூன் 21 அன்று உச்சியில் வடக்குச் சுவரில் அதன் நிழல் சுமார் 11 அடி இறங்கும். சுவர் முழுதும் மூடிவிடும். டிசம்பர் 21 அன்று உச்சியில் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குச் சுவரில் அதே சன்ஷேடு இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். மார்கழி வெயில் யாரையும் துன்புறுத்தாது, துணி காயவும் உதவும் என்பதால் அது போதும். ஆக, வடக்குக்கும் தெற்குக்கும் மேலிருந்து நீட்டிய மறைப்பே பெரும்பாலும் காரியத்தை முடித்துவிடுகிறது.

மேற்கில் கதை வேறு. மே மாத நடுவில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து 26, 27 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது மேற்குப் பார்த்த பால்கனிக் கதவின் முன் நின்று பாருங்கள். சன்ஷேடின் நிழல் கதவின் மேல் விளிம்பிலிருந்து ஓரடி இறங்கி அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே கண்ணாடி முழுக்க வெயில். கிரில் கம்பிகளின் கோடுகள் தரையில் நீண்டு, வாஷிங் மெஷின் மேல் ஏறி, ஹால் சோபா வரை போயிருக்கும். அந்த ஏழடிக் கதவை மேலிருந்து நீட்டிய கூரையால் மட்டுமே காப்பாற்ற வேண்டுமென்றால் 13 அடிக்கு மேல் நீட்ட வேண்டும். எதிர் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆனிங் போட்ட பிறகும் 'வெயில் குறையவே இல்லையே' என்று புலம்புகிறவர்களின் வீட்டில் பொருளில் குறை இருக்காது. படுக்கையாக இருக்க வேண்டிய இடத்தில் படுக்கையாகவும் நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்தும் மறைப்பு இல்லை என்பதுதான் குறை.

மேற்குக்குத் தேவை, பால்கனியின் வெளி விளிம்பிலிருந்து நேரே கீழே தொங்கும் திரை. கைப்பிடிச் சுவர் மூன்றடிக்குக் கெட்டியாகக் கட்டியிருந்தால் அதன் தலை வரை திரை இறங்கினால் போதும். வெறும் கம்பி கிராதியாக இருந்தால் தரை வரை இறக்க வேண்டும். கிழக்குக்கும் இதே கோணம்தான்: காலை ஏழே முக்கால் மணி வெயிலும் மாலை நாலரை மணி வெயிலும் ஒரே உயரத்திலிருந்து வருகின்றன. ஆனால் காலையில் இரவெல்லாம் ஆறிய சுவரின் மேல் அது விழுகிறது. மாலையிலோ பகலெல்லாம் காய்ந்த காற்றும் சுவரும் ஏற்கெனவே கொதித்திருக்கும்போது விழுகிறது. கையில் இருக்கும் பணம் ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றால் அது மேற்குக்குப் போக வேண்டும்.

பெரிய கட்டடக் கலைஞர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். அகமதாபாத்தில் லெ கொர்பூசியே கட்டி 1954இல் முடிந்த மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் கிழக்குப் பக்கக் கான்கிரீட் தடுப்புகள் நேராக நிற்கின்றன. மேற்குப் பக்கத்தில் மட்டும் சாய்த்துத் திருப்பப்பட்டிருக்கின்றன. மாலை வெயிலுக்கு முதுகு, காற்றுக்கு வழி. நமக்கு இன்னும் பக்கத்தில், புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் அன்டனின் ரேமண்ட் வடிவமைப்பில் தொடங்கிய கட்டடம். அதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கிடைமட்டப் பட்டைகள். திருப்பினால் திறக்கும், மூடும். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இரண்டாவது கூரை, நடுவே காற்று. ஸ்டீவன்சன் பெட்டியைப் பெரிதாக்கி அதற்குள் மனிதர்களைக் குடிவைத்தது போலிருக்கும்.

திரையைக் கண்ணாடிக்கு உள்ளே தொங்கவிடுவதா, வெளியே தொங்கவிடுவதா என்பது அடுத்த கேள்வி. ஏழடிக்கு ஏழடி கண்ணாடிக் கதவின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். பிற்பகல் மேற்கு வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தாலும் கதவில் விழுவது 2700 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். ஒரு டன் ஏசியால் வெளியேற்ற முடிவது 3500 வாட் வெப்பம். அதாவது ஏசியின் உழைப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு கதவு விழுங்கிவிடுகிறது. உள்ளே திரை போட்டால் கண் கூசாது. ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. திரை சூடாகி நீண்ட அலை வெப்பத்தை உமிழும். அந்த அலைகளைக் கண்ணாடி வெளியே விடாது. அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே, ஓரடியாவது தள்ளிக் கட்டினால் சூடாவது வெளியே நடக்கும். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே துணி, ஒரே விலை, பலன் முற்றிலும் வேறு.

இப்போது கடைக்குப் போகலாம்.

இன்று அதிகம் விற்பது பச்சை வலை. 2024 கோடையில் புதுச்சேரியிலும் பிறகு சென்னையிலும் சிக்னலில் நிற்கும் வண்டிக்காரர்களுக்காக இதைத்தான் உயரே கட்டினார்கள். நல்ல உயரம், நான்கு பக்கமும் திறப்பு, எடை மிகக் குறைவு என்பதால் அங்கே அது சரியாக வேலை செய்தது. வலையின் மேல் 50, 75, 90 என்று எழுதியிருப்பது அது மறைக்கும் வெளிச்சத்தின் சதவீதம். செடிகளுக்கு 50 போதும். மனிதர் உட்கார 75 நல்லது. 90 அதிக நிழல் தரும், ஆனால் காற்றையும் அதிகம் மறிக்கும். பச்சையும் கறுப்பும் வெயிலை உறிஞ்சிச் சூடாகும்; வெள்ளை வலை கிடைத்தால் அதில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பும். எந்த நிறமானாலும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கோடையில் கையில் நார் நாராக உதிரும். கட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பட்டறைக்காரர்கள் அவசரத்துக்குக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவார்கள். காற்றில் வலை ஆட ஆட அந்தக் கம்பி கத்திபோல் அறுத்து மூலையிலிருந்து கிழிக்கத் தொடங்கும். ஓரத்தை மடித்துத் தைத்து, ஐலெட் அடித்து, நைலான் கயிற்றால் கட்டினால் ஆயுள் கூடும்.

மூங்கில் தட்டி மேற்குப் பால்கனிக்குப் பழைய, நல்ல பதில். வெயிலைத் தடுக்கும், இடுக்கில் காற்றை விடும், லேசாக இருப்பதால் சூட்டைச் சேர்த்துவைக்காது. மழைக்காலத்தில் சுருட்டி வைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். வெட்டிவேர்த் தட்டி இன்னொரு படி மேலே போகும். தண்ணீர் தெளித்தால் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சும். வறண்ட மேல்காற்று வீசும் மே மாத நண்பகலில் அது அருமையாக வேலை செய்யும். மாலையில் ஈரமான கடற்காற்று வந்துவிட்டால் ஆவியாவது குறையும். வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

தென்னங்கீற்றை மிஞ்சிய குளுமை எந்த ஷீட்டுக்கும் இல்லை. அடுக்கடுக்கான ஓலை, நடுவே சிக்கிய காற்று, சுவாசிக்கும் இடுக்குகள். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்ட பிறகு, சமையலறைப் புகைபோக்கிக்கும் தீபாவளி ராக்கெட்டுக்கும் எட்டும் மாடியில் கீற்றை யாரும் சிபாரிசு செய்ய முடியாது.

இரும்பு ஷீட் மழைக்கு நல்லது, வெயிலுக்கு அரைகுறை. மே மாதத்தில் அடர்நிற ஷீட் 65, 70 டிகிரி வரை காயும். ஏழடி உயரத்தில் போட்டால் அதன் அடிப்பக்கமே நம் தலைக்கு அடுப்பாகிவிடும். வெள்ளை நிறம், பத்தடி உயரம், உச்சியில் வெப்பக்காற்று வெளியேறும் திறப்பு என்று மூன்றும் சேர்ந்தால்தான் அதன் கீழே நாற்காலி போட முடியும். பாலிகார்பனேட்டில் ஒரு பொறி இருக்கிறது. புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தெளிவான ஷீட் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். வெளிச்சம் வந்தால் சூடும் வரும். பால்வெள்ளை நிற ஷீட் ஓரளவு பரவாயில்லை. பாலிகார்பனேட் வெப்பத்தில் நீளவும் செய்யும். மூன்று மீட்டர் ஷீட் அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி ஏறினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூ துளையைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் விட்டு, முதல் மழையில் ஒழுகும்.

இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்குக் கொடிப் பந்தல். ஒரு லிட்டர் தண்ணீர் இலை வழியே ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு டன் ஏசி பன்னிரண்டு நிமிடம் ஓடி வெளியேற்றும் வெப்பம் அது. அதனால் இலை தகரம்போல் காயாது. காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். தை, மாசியில் பீர்க்கையோ புடலையோ விதைத்தால் சித்திரைக்குள் பந்தல் மூடும். கோவைக்கொடியை ஒரு முறை நட்டால் பல வருடம் நிற்கும்.

மொட்டை மாடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே வெயில் நேர் மேலிருந்து விழுகிறது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் மெதுவாகக் கீழே இறக்கும். கீழ் அறை இரவு உணவு வேளையிலும் புழுங்குவது அதனால். தளத்தின் மேல் படிந்து கிடக்கும் மறைப்பைவிட ஏழெட்டு அடி உயரத்தில் நிற்கும் மறைப்பு நல்லது, ஏனென்றால் நடுவே காற்று ஓடும். ஆனால் முழு மாடியையும் மூடிவிட வேண்டாம். வடாம் காயவும் துணி உலரவும் வெயில் வேண்டும். இரவில் தளம் தன் சூட்டை வானத்துக்கு விடவும் திறப்பு வேண்டும். வலையைச் சுருட்டக்கூடியதாக அமைத்தால் பகலில் மூடி, இரவில் திறக்கலாம். செலவு செய்ய முடிந்தவர்கள் சூரிய மின்தகடுகளையே உயர்த்திய சட்டத்தில் போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடு சூடாகும்தான், கீழே காற்றோட இடம் விட்டால் அந்தச் சூடு தளத்துக்கு வராது. மாதாமாதம் கரண்ட் பில்லைக் குறைக்கும் நிழல் வேறெதுவும் இல்லை.

இவ்வளவும் கோடைக்கு. ஐப்பசி வந்தால் இதே மறைப்பு பாயாக விரிந்து காற்றை வாங்கும். காற்றழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று, பத்துக்குப் பத்தடி ஷீட்டின் மேல் சுமார் 440 கிலோ விசையைச் செலுத்தும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசிய காற்று இதற்கும் மேல். இந்தியத் தர நிர்ணயம் சென்னைப் பகுதிக்கு வினாடிக்கு 50 மீட்டர் காற்றைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அப்போது அதே ஷீட்டின் மேல் விசை 1.4 டன். நாலரை இன்ச் செங்கல் கைப்பிடிச் சுவரில் நான்கு போல்ட் போட்டு நிறுத்திய பைப் இதைத் தாங்காது. தூண், பீம் அல்லது தளத்தில் பிடிப்பு இருக்க வேண்டும். வலையும் துணியும் புரட்டாசி முடிவதற்குள் கழற்றி மடிக்கும்படி இருக்க வேண்டும். துணிக் கூரை என்றால் நல்ல சரிவு அவசியம். ஒரு இன்ச் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 25 கிலோ ஏறிவிடும்.

மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். நிழலையும் முதலில் காசில்லாமல் கட்டிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வெள்ளை வேட்டியைப் பால்கனியின் வெளி விளிம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். பாதிக் கதவை மறைத்து, பாதியை விட்டுவிடுங்கள். மாலை ஐந்தரைக்குக் கண்ணாடியின் இரு பாதிகளையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். கைக்கு வித்தியாசம் தெரிந்தால் திரை எங்கே வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பது கிடைத்துவிட்டது. அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் உங்கள் சூடு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் கட்டிப் பாருங்கள்.